சிலுப்பிச் சோளமும் நடு வரிசைக் கதிரும்

சென்னியப்பன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும், மீதியில் பாதியைக் காற்றில் தூற்றிவிட வேண்டும், அப்புறமும் கையில் ஏதாவது நின்றால் அது அவர் வேறு யாரிடமோ கேட்டுச் சொன்னதாக இருக்கும். பொன்னாரம்பாளையம் பால் சொசைட்டியில் இருபது வருஷமாக இதுதான் நடைமுறை. அவருக்கும் இது தெரியும். தெரிந்தும் ஒருநாள்கூடக் கோபித்துக்கொண்டதில்லை. தன் பேச்சைக் கேட்கத்தான் தினமும் ரெண்டு வேளை முப்பது பேர் பால் போசியும் கையுமாக வந்து நிற்கிறார்கள் என்பது அவருடைய எண்ணம். வந்தவர்கள் போகிற போக்கில் பாலும் ஊற்றிவிட்டுப் போகிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் ஆடி பிறந்து நாலாம் நாள் சாயங்காலம் சென்னியப்பன் சொசைட்டிக்கு வந்தது ஒரு காரியத்தோடு. முந்தின நாள்தான் நல்ல மழை. அவருடைய முக்கால் ஏக்கர் மானாவாரிக் காடு. கிணறும் கிடையாது, போரும் கிடையாது. இந்த ஈரம் காய்வதற்குள் சிலுப்பியை விதைத்தாக வேண்டும்.

சிலுப்பி என்பது நாட்டு மக்காச்சோளம். செங்கல் நிறத்தில் மணி, கதிரின் நுனியில் அடர்த்தியாகச் சிவப்புக் குஞ்சம். காற்றடிக்கும்போது கொழுத்த காளை தலையைச் சிலுப்புகிற மாதிரி ஆடும், அதனால் அந்தப் பேர். கடையில் விற்காது. போன போகத்துக் கதிரில் நல்லதாகப் பொறுக்கி, தோலோடு பின்னி, அடுப்புக்கு மேலே புகையில் கட்டி வைத்தால்தான் அடுத்த போகத்துக்கு விதை. பக்கத்து ஊர்களில் எல்லாரும் விட்டுவிட்டார்கள். இப்போது சிலுப்பி இருப்பது சென்னியப்பன் வீட்டு அடுப்புக்கு மேலே மட்டும்தான்.

அவர் வேலிக்கு மேற்கே மயிலாத்தாளின் ஒரு ஏக்கர். அவள் கடையில் ஒட்டு மக்காச்சோள விதை வாங்கி வைத்துவிட்டாள், நாளைக் காலையில் டிராக்டர் வருகிறது. ரெண்டு காடும் ஒரே நாளில் விதைத்தால் ஒரே நாளில் பூக்கும். மக்காச்சோளத்துக்குப் பூ உச்சியில், கதிர் இடுப்பில். உச்சிப் பூவின் தூள் காற்றில் பறந்து வந்து எந்தக் கதிரின் குஞ்சத்தில் உட்காருகிறதோ, அந்தக் கதிரின் மணி அதன் குணத்துக்கு மாறிவிடும். புரட்டாசி வரைக்கும் அடிப்பதெல்லாம் மேல்காற்று. மயிலாத்தாள் காட்டுத் தூள் மொத்தமும் வேலி தாண்டி இவர் காட்டில்தான் இறங்கும். ஒரே போகம், சிலுப்பி காணாமல் போய்விடும்.

மயிலாத்தாளுக்குக் கிணறு இருக்கிறது. அவள் மனசு வைத்தால் இருபது நாள் தள்ளி விதைக்கலாம். அக்கா, இருபது நாள் பொறுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டால் முடிந்தது. அந்த ஒரு வார்த்தைதான் சென்னியப்பனின் தொண்டையைத் தாண்டவில்லை. தாண்டாததற்கு ஒரு காரணம் உண்டு. அதை அவர் மனசுக்குள்கூட நேராகப் பார்ப்பதில்லை. அதனால் தனக்குத் தெரிந்த வழியிலேயே காரியத்தை முடித்துவிடலாம் என்று வந்திருந்தார்.

அவருக்கு வசதியாக ஒன்று நடந்தது. செக்ரட்டரி சிவசாமி முதல் ஆளின் பாலைப் பரிசோதனை மிஷினில் வைத்ததும் கரண்ட் போய்விட்டது.

"கரண்ட் வர்ற வரைக்கும் ஆரும் நகர வேண்டாம். வரிசை அப்படியே இருக்கட்டும்" என்றார் சிவசாமி.

வரிசையில் நாலாவதாக இருந்த மயிலாத்தாள் போசியை இறக்கி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். அறுபது வயசு, இரும்பு உடம்பு. இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் அதக்கிக்கொண்டாள். இனி அவள் பேச மாட்டாள், கேட்பாள். சென்னியப்பனுக்கு அது போதும்.

"இந்தக் கரண்ட்டு எதுக்கு அடிக்கடி போகுதுன்னு எனக்குத் தெரியுமுங்க. சொன்னா நம்ப மாட்டீங்க" என்று ஆரம்பித்தார்.

"நம்ப மாட்டமுங்க மாமா. சொல்லுங்க" என்றான் திருமூர்த்தி. அவன் அவருக்குப் பின்னால் நின்றிருந்தான். கோழிப் பண்ணைக்கு மக்காச்சோளம் வாங்கி அனுப்புகிறவன். சென்னியப்பனின் பேச்சுக்கு முட்டுக்கட்டை போடுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

"அதுக்கு முந்தி துண்டு சமாச்சாரத்தைச் சொல்லோணும். ரெண்டு வருஷத்துக்கு முந்தி, இதே ஆடி. சிலுப்பிய ஊணிக்கிட்டு வர்றேன். நல்ல வெயிலு. தோள்ல கெடக்கற துண்டை எங்க போடறதுன்னு திரும்பிப் பாத்தா, மொத வரிசையில ஊணுனது அப்பவே மொளச்சு ஒரு முழம் நிக்குது. அதுமேல துண்டப் போட்டுட்டு அந்தக் கோடி வரைக்கும் ஊணிட்டுத் திரும்பி வந்தேன். துண்டு எட்டல. எம்பிப் பாத்தேன். வண்டி மேல ஏறிப் பாத்தேன். ம்ஹூம். அண்ணாந்து பாத்தா துண்டுக்குக் கீழ பருந்து சுத்துது."

"அப்பறம் எப்படிங்க எறக்குனீங்க?"

"எங்க எறக்கறது. அறுப்புலதான் கெடச்சுது. அதுக்குள்ள காக்கா அதுல கூடு கட்டி, குஞ்சு பொரிச்சு, அந்தக் குஞ்சுகளும் கூடு கட்டியிருச்சு."

"இப்ப தோள்ல கெடக்குதே, இதானுங்களா அந்தத் துண்டு?"

"இதேதான். பாரு, காக்கா கொத்துன ஓட்டை."

"அது போன மாசம் பீடி நெருப்புப் பட்டதுங்க மாமா. பக்கத்துல நாந்தான் ஒக்காந்திருந்தேன்."

சென்னியப்பன் துண்டை எடுத்து ஓட்டையை நிதானமாகப் பார்த்தார். "உள்ள இருக்கறது பீடி ஓட்டை. அதைச் சுத்தி இருக்கறது காக்கா ஓட்டை" என்றார்.

வரிசை சிரித்தது. அவர் ஓரக்கண்ணால் படியைப் பார்த்தார். மயிலாத்தாள் மென்றுகொண்டிருந்தாள்.

"அத்தன வேகமுங்க அது. அதனால பக்கத்துக் காட்டுல ஆராச்சும் வேற ரகம் போடறதா இருந்தா, ஒரு இருவது நாளு விட்டுப் போடறது அவங்களுக்குத்தான் நல்லது. சிலுப்பியோட நெழலு மொதல்ல எங்க விழுகுதுன்னு பாத்துட்டு அதுக்குத் தகுந்த மாதிரி வெதச்சுக்கலாம் பாருங்க."

மயிலாத்தாள் தெருவைப் பார்த்தபடி மென்றாள். சென்னியப்பன் கதையை இன்னும் பெரிதாக்கினார்.

"கதிரு முத்திருச்சான்னு பாக்கோணுமல்ல. தேங்கா போடற ஆளு ஒருத்தனக் கூட்டிட்டு வந்தேன். திங்கக்கெழம காத்தால ஏறுனான். மொதக் கதிருக்குப் போய்ச் சேர்றதுக்குள்ளயே பொழுது எறங்கிருச்சு. அங்கயே ஒரு தோகையில படுத்துட்டான். செவ்வாக்கெழம நான் கீழ நின்னு கூப்படறேன், அவனுக்குக் கேக்கல. செல்லுல கூப்பிட்டா, எல்லைக்கு வெளிய இருக்கறான்னு அந்தப் பொம்பளை சொல்லுது. பொதங்கெழம எறங்கி வந்தான், நெஞ்சு வரைக்கும் தாடி. மேல என்னப்பா தெரிஞ்சுதுன்னு கேட்டேன். பழனி மலை மேல நின்னு கும்படறவங்களோட உச்சந்தலை தெரிஞ்சுதுங்கன்னான். அதுல மூணு பேருக்குச் சொட்டைன்னும் சொன்னான்."

"அந்த ஆளு பேரென்னுங்க?" என்றார் சிவசாமி, மிஷினுக்குப் பக்கத்திலிருந்து.

"அத நானும் கேட்டேனுங்க. அத்தன ஒசரம் போயிட்டு வந்ததுல அவனுக்கே மறந்து போச்சு."

சிவசாமி தலையில் அடித்துக்கொண்டார். பின்னால் நின்ற ரெண்டு பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சென்னியப்பனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கூட்டம் சிரித்தால் மயிலாத்தாளும் ஒரு சமயம் சிரிப்பாள், சிரித்தால் இளகுவாள், இளகினால் வீட்டுக்குப் போகிற வழியில் பேச்சுவாக்கில் சொல்லிவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டார். ஆனால் கரண்ட் எப்போது வேண்டுமானாலும் வந்துவிடும். வந்தால் அவள் பாலை ஊற்றிவிட்டு எழுந்து போய்க்கொண்டே இருப்பாள்.

"கதிரு எத்தாச்சோடு பெருசுன்னு சொல்லலியே" என்று குரலை உயர்த்தினார். "காத்துல ஒரே ஒரு கதிரு முறிஞ்சு விழுந்துச்சு. விழுந்த எடத்துல குழி. நம்மூருக் குட்டை இருக்குதே, அதான்."

"அது பஞ்சாயத்துல வெட்டுன குட்டைங்க மாமா. வேலைக்கு எங்கம்மாளே போயிருக்குது."

"வெட்டுனது அவங்க. எடத்தக் காட்டுனது கதிரு. கேளு மாப்ளே, குறுக்க பேசாத. அந்தக் கதிருக்குள்ள ஒரு காட்டுப்பன்னி பூந்துக்கிச்சு. தாய்ப்பன்னி ஒண்ணு, குட்டிக பன்னெண்டு. ஒரு பக்கம் தின்னுக்கிட்டே போயி, தின்ன எடத்துல குடியிருந்துக்கிச்சு. மழைக்கு நனையல, வெயிலுக்குக் காயல. உள்ளயே குட்டிக பெருசாயி, அதுக குட்டி போட்டு, வெளிய வர்றப்ப எம்பத்திநாலு உருப்படி. வனத்துறை ஆளுக வந்து கதிருக்கு முன்னால பேப்பர் வெச்சு எண்ணுனாங்க. எண்ணி முடிச்சுட்டு, இந்த ஊட்டுக்கு வாசல் எதுங்க, பின்னால பொடக்காளி எதுங்கன்னு என்னக் கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வாடகைக்கு விடறதா இல்லீங்கன்னு சொன்னேன். அந்த மாதிரிக் கதிரு வெளையற காட்டுக்குப் பக்கத்துல, ஒரு இருவது நாளு பொறுத்து வெதைக்கறவங்களுக்குப் பன்னித் தொந்தரவே இருக்காது. எல்லாம் சிலுப்பிக்கே போயிரும்."

மயிலாத்தாள் வெற்றிலையை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு மாற்றினாள். அவ்வளவுதான்.

சென்னியப்பன் இருந்ததிலேயே பெரிய சரக்கை எடுத்தார்.

"இப்ப கரண்டுக்கு வர்றேன். நம்ம கெழக்கால நிக்குதே காத்தாடிக, கரண்டு எடுக்கறது, நாப்பது. சிலுப்பி நிமுந்து நின்ன வருஷம் அத்தனையும் பதினோரு நாளு சுத்தல. ஏன்? மேல்காத்து மொத்தமும் வந்து சிலுப்பியில முட்டிக்கிட்டு நிக்குது. எங்காட்டுக்கு மேக்க காத்து தேங்கிப் போச்சு, தண்ணி தேங்கற மாதிரி. மாடு மேய்க்கறவங்க அதுக்குள்ள கைய வெச்சு வெலக்கி வெலக்கி நடந்தாங்க. என்ஜினீயரு ஜீப்புல வந்து எறங்குனாரு. தொப்பியக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு, ஐயா, ரெண்டே ரெண்டு வரிசைய வெட்டிக் குடுங்கன்னாரு. வெட்டறதுக்கில்லீங்க, வேணும்னா ஒதுங்கி நிக்கச் சொல்றேன்னேன். சொன்னேன். பக்கத்துக்கு ரெண்டு வரிசையா ஒதுங்கி நின்னு வழி விட்டுச்சு. தேங்குன காத்து ஒரே மூச்சாப் போச்சுங்க. காத்தாடி சுத்துன சுத்துல ஊருக்குள்ள வந்த கரண்ட்டு தாங்காம, சுச்சுப் போடாத பல்பெல்லாம் எரியுது. இந்த சிவசாமி மிஷினு பால ஊத்தறதுக்கு முந்தியே டிகிரி காட்டுச்சு."

"அன்னைக்கு உங்க பாலுக்கு எத்தன காட்டுச்சு, அதையும் சொல்லுங்க" என்றார் சிவசாமி.

"அன்னைக்கு மாடு கறக்கலீங்க" என்று சென்னியப்பன் அவசரமாகத் தாண்டிப் போனார். "ஆனா ஒண்ணு. சிலுப்பிக்கு ரோசம் சாஸ்தி. பூத்தூளு பறந்துச்சுன்னா பழனி பஸ்ஸு பட்டப்பகல்ல லைட்டுப் போட்டுத்தான் போகோணும். அது பூக்கற நாள்ல பக்கத்துல ஒட்டு ரகம் பூத்துச்சுன்னு வெச்சுக்கங்க, பொறுக்காது. வேரோட கெளம்பி வேலிய எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தே போயிரும். போறப்பப் பக்கத்துக் கெணத்துத் தண்ணியவும் குடிச்சுட்டுப் போயிரும். அதனால அக்கம்பக்கத்துல இருக்கறவங்க இருவது நாளு..."

"நில்லுங்க மாமா" என்றான் திருமூர்த்தி. "துண்டுல ஆரம்பிச்சீங்க, இருவது நாளுல வந்து நின்னீங்க. பன்னிக்குப் போனீங்க, இருவது நாளு. காத்தாடி, பழனி பஸ்ஸு எல்லாத்தையும் சுத்திட்டு மறுபடி இருவது நாளு. இத்தன வருஷத்துல நீங்க ஒரே நம்பர ரெண்டு தடவை சொல்லி நான் கேட்டதே இல்லீங்க. ஆரு எதுக்கு இருவது நாளு தள்ளோணும்?"

முப்பது தலையும் ஒவ்வொன்றாகப் படிப்பக்கம் திரும்பின. வேலிக்கு மேற்கே யார் காடு என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மயிலாத்தாள் எழுந்து போய் ஓரமாக வெற்றிலையைத் துப்பினாள். குழாயில் வாயைக் கொப்பளித்தாள். முந்தானையில் துடைத்தாள். சென்னியப்பனுக்கு அது ரொம்ப நேரமாகத் தெரிந்தது.

"சென்னி, போன வருஷம் நானு கேட்டேன்னு ஒரு படி சிலுப்பி வெதை குடுத்தியே, கெணத்து மேட்டுல போட" என்றாள்.

"ஆமாங்கக்கா."

"அதுல ஒண்ணு தோளு ஒசரம் வந்துச்சு, ஒண்ணு முட்டிக்கு மேல வரல. கதிர உரிச்சா மஞ்சளும் சேப்பும் வெள்ளையும் கலந்து கெடந்துச்சு. பாதி மணி பதரு. எருமைக்குத்தான் போட்டேன். அது எப்படி அப்படி வந்துச்சு?"

"கெரகணத்துக்குப் பக்கத்துல ஊணியிருப்பீங்க அக்கா. சிலுப்பிக்குக் கெரகணம் ஆகாது."

"கெரகணம் வந்தது தையில. நான் ஊணுனது ஆடியில."

"அப்ப மயிலு..." என்று தொடங்கினார் சென்னியப்பன். அந்த மயில் என்ன செய்தது என்று எல்லோரும் காத்திருந்தார்கள். மயில் ஒன்றும் செய்யவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவர் வாயைத் திறந்தபடி நின்றார், உள்ளே ஒன்றுமே இல்லை. மயிலாத்தாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கோபம் இருந்திருந்தால்கூட அவர் சமாளித்திருப்பார். கோபம் இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"நான் ஓரத்துக் கதிரக் குடுத்தேனுங்க அக்கா" என்றார்.

கூட்டம் புரியாமல் பார்த்தது.

"அதுக்கு முந்துன வருஷம் நீங்க ஒட்டு ரகம் போட்டிருந்தீங்களே. உங்களுது பத்து நாளு முந்திப் பூத்துச்சு. கடைசியாப் பறந்த தூளு மட்டும் என்ற காட்டு மேக்கு ஓரத்துல ரெண்டு வரிசையில விழுந்துருச்சு. அந்த ரெண்டு வரிசை கலந்து போச்சுன்னு எனக்குத் தெரியும். அந்தக் கதிரு பாக்கறதுக்கு நல்லாப் பெருசா இருந்துச்சு. நீங்க வெதை கேட்டப்ப நடு வரிசைக் கதிரு தர்றதுக்கு எனக்கு மனசு வரல. ஓரத்துக் கதிர உதுத்துப் படியில அளந்து, நல்ல வெதைங்கன்னு சொல்லிக் குடுத்துட்டேன். இப்ப ரெண்டு காடும் ஒரே மழைக்கு வெதைக்குது. பூத்தா ஓரத்தோட நிக்காது, முழுக்காடும் போயிரும். சிலுப்பிக்கு வேற எங்கயும் வெதை இல்லீங்க. அதான் இருவது நாளு தள்ளிப் போடச் சொல்லிக் கேக்க வந்தேன். நேராக் கேக்க மூஞ்சி இல்ல."

திருமூர்த்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அவனுக்குப் பின்னால் வரிசை முழுக்கச் சிரிக்க ஆரம்பித்தது. சிவசாமி மிஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

"மாமா, பன்னி எம்பத்திநாலுன்னீங்க, போனாப் போகுதுன்னு விட்டேன். சிலுப்பி ஒதுங்கிக் காத்துக்கு வழி விட்டுச்சுன்னீங்க, அதையும் விட்டேன். நீங்க தப்புப் பண்ணுனீங்களாம், அதுவும் தெரிஞ்சே பண்ணுனீங்களாம், அதை முப்பது பேருக்கு முன்னால நீங்களே ஒத்துக்கிறீங்களாம். இத எப்படிங்க நம்பறது? இருவது வருஷத்துல இதான் பெரிய புளுகு."

"நெசமாத்தாண்டா சொல்றேன்."

"அந்தத் துண்டுக்கும் இப்படித்தானுங்க சொன்னீங்க."

"எங்க மாட்டு மேல சத்தியமா."

அந்தச் சத்தியத்துக்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். சென்னியப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பொய் சொன்னபோது ஊங்கொட்டியவர்களில் ஒருத்தர்கூட இப்போது கைகொடுக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது, அதைப் பார்த்தவர்கள் நடிப்பும் நன்றாக வருகிறது என்றார்கள்.

மயிலாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றிருந்தவள் சொன்னாள்: "நானும் ஒண்ணு சொல்றேன், கேளுங்க."

அவள் கதை சொல்லி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"இன்னைக்குக் காத்தால வேலியோரம் போயிருந்தேன். இவன்ற சிலுப்பி வேலிக்கு மேல தலைய நீட்டிக்கிட்டு நின்னுச்சு. வாங்க மயிலாத்தா, ஒக்காருங்கன்னுச்சு. ஒக்காந்தேன். ஓரத்துக் கதிரக் குடுத்தது இந்த ஆளு, கெட்ட பேரு எனக்கான்னு அழுதுச்சு. முந்தானையில கண்ணத் தொடச்சு விட்டேன். இன்னைக்குச் சாயங்காலம் சொசைட்டிக்கு வருவாரு, துண்டுல ஆரம்பிச்சுக் கரண்ட்டுக்கு வருவாரு, வெத்தலை தீர்ற வரைக்கும் பேச விடுங்க, அப்பறம் வெதையப் பத்தி ஒரு வார்த்தை கேளுங்கன்னுச்சு. கேட்டேன்."

சென்னியப்பனால் பொறுக்க முடியவில்லை. இத்தனை நேரம் அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, அது பொய்யிங்க. நான் இன்னும் வெதைக்கவே இல்லீங்களே. வெதை எங்கூட்டு அடுப்புக்கு மேல தொங்குது" என்றார்.

"உனக்குன்னு வந்தா மட்டும் கணக்கு வருதாக்கும்" என்றாள் மயிலாத்தாள். "பருந்துக்கு மேல துண்டு பறந்தப்ப நாங்க ஆராச்சும் கேட்டமா?"

திருமூர்த்தி கை தட்டினான். மயிலாத்தாள் அவனைத் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அவள் சென்னியப்பனுக்குப் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"நீ மேக்கோரத்துல நின்னு அந்தக் கதிர முறிச்சப்ப வேலிக்கு இந்தப் பக்கம் நான் வெறகு பொறுக்கிட்டு இருந்தேன். மத்தத எல்லாம் களத்துல போட்டுட்டு அதை மட்டும் தனிச் சாக்குல கட்டி வெச்ச. பாத்தேன்."

"அப்பறம் எதுக்குங்க அக்கா அந்த வெதைய வாங்குனீங்க?"

"குடுக்கறதத் தட்டக்கூடாதுன்னு வாங்குனேன். ஒருநாளைக்கு வந்து சொல்லுவியான்னு பாத்தேன். ஒரு வருஷமாச்சு."

சென்னியப்பன் துண்டை எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டார்.

"இருவது நாளு தள்ள முடியாது" என்று அவள் தொடர்ந்தாள். "டிராக்டரு நாளைக்கு வருது, விட்டா அவன் மறுபடி எப்ப வருவான்னு தெரியாது. நாளைக்கு வெதைக்கத்தான் போறேன். என்னத்த வெதைக்கறதுன்னு நீ முடிவு பண்ணிக்க. ஒட்டு வெதை பொட்டலம் பிரிக்காமக் கெடக்கு, அது கெணத்து மேட்டுல பொறட்டாசிக்கு ஆகும். சிலுப்பி குடுத்தா சிலுப்பி வெதைக்கறேன். ரெண்டு பக்கமும் ஒண்ணே பூத்துட்டுப் போகட்டும். ஒரு ஏக்கருக்கு நூறு கதிரு வேணும். நடு வரிசை. இன்னைக்கே கொண்டாந்து போடு. ஓரத்துக் கதிரு ஒண்ணு இருந்தாலும் எனக்குத் தெரியும்."

சென்னியப்பன் வீட்டு அடுப்புக்கு மேலே தொங்குவது சரியாக இருநூறு கதிர். அதில் நூறு, நாளைக்கு அவர் காட்டில் விதைக்க. மீதி நூறு, மழை ஏமாற்றி முளைத்தது கருகிப் போனால் மறுபடி விதைக்க. அந்த நூறு கைவிட்டுப் போனால் இந்த வருஷம் அவர் மழையை மட்டும் நம்பி நிற்க வேண்டும். மழையின் பேச்சு கிட்டத்தட்ட அவருடைய பேச்சு மாதிரிதான். ஆனால் கதிரைக் கொடுத்தால் சிலுப்பி ரெண்டு காட்டில் நிற்கும். அதில் ஒன்றுக்குக் கிணறு இருக்கிறது. இதை ஏன் போன வருஷமே யோசிக்கவில்லை என்று அவருக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"கொண்டாறனுங்க அக்கா" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. மிஷின் கீச்சென்று கத்தியது. வரிசை நகர்ந்தது. மயிலாத்தாள் பாலை ஊற்றிவிட்டு யாரையும் பார்க்காமல் போனாள். சென்னியப்பன் முறை வந்ததும் சிவசாமி மிஷினைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், துணியால் மிஷினைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"சென்னியப்பண்ணா, டிகிரி சரியா இருக்குதுங்க. தண்ணியே இல்ல" என்றார்.

"பதட்டத்துல மறந்து வந்துட்டனுங்க" என்றார் சென்னியப்பன். அதையும் நம்பாமல் எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் முக்காலியை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு ஏறினார். அவர் மனைவி சரசு களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொரு கொத்தாக அவிழ்த்து, கதிரை உருட்டி உருட்டிப் பார்த்து, சாக்கில் போட்டுக்கொண்டே இருந்தார். கரியும் சிலந்திக் கூடும் அவர் தலையில் விழுந்தன. கதிர் நூறைத் தாண்டும் வரைக்கும் சரசு ஒன்றும் கேட்கவில்லை.

"அத்தனையும் எதுக்குங்க எறக்கறீங்க? நாளைக்கு வெதைக்கறதுக்கு நூறு போதுமல்ல?"

"இது மயிலாத்தாக்காளுக்கு. நூறு கதிரு. நடு வரிசையாப் பாத்துப் போடறேன்."

"வெல பேசியாச்சா?"

"வெலைக்கு இல்ல. சும்மா."

சரசு களி கிண்டுவதை நிறுத்தினாள். "சும்மாவா? நீங்களா?"

"போன வருஷம் அவங்களுக்கு ஓரத்துக் கதிரக் குடுத்து ஏமாத்திட்டேன் சரசு. தெரிஞ்சேதான். இன்னைக்குச் சொசைட்டியில எல்லாருக்கும் முன்னால ஒத்துக்கிட்டேன். அதுக்குப் பதிலுதான் இது."

அவள் முக்காலியின் மேல் நிற்கும் அவரை மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு துடுப்பை எடுத்து மறுபடியும் கிண்ட ஆரம்பித்தாள்.

"போன மாசம் எங்கிட்டச் சொன்னீங்களே, அந்தப் பன்னி குட்டி போட்ட கதையே தேவலீங்க" என்றாள். "அதுலயாச்சும் கொஞ்சம் நம்பற மாதிரி இருந்துச்சு."